எண்ணெய்க்கறை எட்டிய பக்கம்

எங்கள் கைடு சீசனுக்குக் குற்றாலம் வந்துவிட்டால் ஆய்வேட்டை அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டே படிப்பார், பிறகு அருவிக்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை எழுதித் தர மாட்டார். கறை எந்தப் பக்கம் வரை இருக்கிறதோ அதுவரை படித்திருக்கிறார் என்று நாங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நான் கையால் எழுதிய அத்தியாயத்தில் கறை இரண்டாம் பக்கத்தோடு நின்றிருந்தது. என்னோடு அவரிடம் ஆய்வு செய்தவளுடையதில் கடைசித் தாள் வரை பளபளத்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அவளும் என்னைப் போலத் தென்காசியில் தற்காலிகமாகத் தாவரவியல் நடத்தியவள். அவளுக்குப் பாசி, எனக்குப் பெரணி. இருவருக்கும் மலை ஒன்று, அதை விவரிக்கும் அத்தியாயம் இருவர் ஆய்வேட்டிலும் உண்டு. கல்லூரியில் நிரந்தர வேலையும் ஒன்றே ஒன்று. கைடு யாருக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கிறாரோ அவளுக்கு.

அவளைவிட நான்தான் அதிகம் மலையேறியவள். இவளுக்கு எங்கிருந்து வந்தது அந்த எழுத்து? அவள் அண்ணன் பம்பாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரிலிருந்து! கட்டுரையை அடித்தால் போதும். இந்த வாக்கியம் நீளம், இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று அதில் ஒரு புரோகிராம் உடனே காட்டிவிடுமாம். எனக்கு எண்ணெய்க்கறை, அவளுக்குக் கம்ப்யூட்டர். கொடுத்துவைத்த மகராசி!

கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. அவளே கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஒன் மலை அத்தியாயத்த இங்கன வந்து அடிச்சுப் பாரேன். அது திட்டாதுட்டி, சொல்லத்தான் செய்யும்."

அந்தப் பெருந்தன்மையும் எரிச்சலாகத்தான் இருந்தது. போனேன். முதல் வாக்கியமே நீளம் என்றது. "மலையப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?" என்று திரையோடு சண்டை போட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் வெட்ட வெட்ட, நான் சொல்ல வந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய பிரிண்டரிலேயே அச்சடித்து, பெயர்கூட எழுதாமல் குற்றாலத்தில் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது கைடு எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார். என் கடைசித் தாளில் கறை! அடேயப்பா, வயிறு குளிர்ந்துபோனது.

"மலையப் பத்தி எவ்வளவு தெளிவா எழுதியிருக்கா ஒங்க கூட்டுக்காரி! அவகிட்ட குடுத்திருங்கம்மா."

"சார், அது நான் எழுதுனது."

நிமிர்ந்து பார்த்தார். "கம்ப்யூட்டர் எழுத்தா இருக்கவும் அவளோடதுன்னுல்லா நெனச்சேன்! இதப் படிச்சிட்டுத்தானம்மா நேத்து அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிப் போட்டேன்."