கடுகு மஞ்சள்

ஒவ்வொரு முகமும் நான்கு பருவங்களில் ஒன்றைச் சேர்ந்தது, அதற்கேற்ற நிறத்தில்தான் உடுத்த வேண்டும் என்று ஒரு மாதம் கைபேசியில் பார்த்துப் பண்டிதனானேன். வெயிலைத் தவிர வேறு பருவம் அறியாத தருமபுரியில் இது எனக்கு மட்டுமே தெரியும் என்ற கர்வம் வேறு.

அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க இரு வீட்டாரும் போயிருந்தோம். மொரப்பூர்க் கல்யாணப் பெண் ஆசையாக ஒரு ரோஸ் பட்டுப்புடவையை எடுத்தாள். நான் அதை வாங்கி அவள் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன்.

“இது வேண்டாம்மா. மூஞ்சி சாம்பல் பூத்தாப்ல தெரியுது. நீ இலையுதிர்காலம். உனக்குக் கடுகு மஞ்சள்தான்.”

அண்ணி இதற்காகவே காத்திருந்தவர்போலச் சொன்னார்: “பொண்ணு நெறம் மட்டுன்னு நான் சொன்னப்ப யாரும் கேக்கல. இப்ப கொழுந்தனாரே சொல்லிட்டாருங்க!”

கடையே சிரித்தது. பெண்ணின் அம்மா தரையைப் பார்த்தார். அவள் ரோஸ் பட்டை மடித்து வைத்தாள்.

முகூர்த்தத்தில் கடுகு மஞ்சள் அவளுக்கு அபாரமாகப் பொருந்தியது. மேடையேறி, “பாத்தியாம்மா?” என்றேன்.

கேமராவுக்குச் சிரித்தபடியே சொன்னாள்: “ஆமாங்க சின்ன மாமா. அத்தை இப்பவே என்னைச் சாம்பல்னுதான் கூப்புடுறாங்க.”

இரண்டு வருடமாகிறது. அந்தக் கல்யாணப் படத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் என் நிறத்தேர்வை இன்றும் புகழ்கிறார்கள். அண்ணன் வீட்டில் அவளை மட்டும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.