மெஷின்காரி பஞ்சாலை

வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்து, முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, அந்த இரும்பு உருளைகளை முறைத்துப் பார்க்கிறாள் பஞ்சாலை. "என்ன, இன்னைக்கு யாரு மேல கண்ணு?" என்று கேட்கிறாள். உருளைகள் பதில் சொல்வதில்லை. அப்படியும் சற்றுப் பொறுத்துவிட்டுத்தான் மெஷினை ஓட்டச் சொல்கிறாள்.

மலாயாவில் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பால் ஸ்டோரில் அவளுக்கு வேலை. உறைந்த ரப்பர் பாலை உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தகடாக வாங்க வேண்டும். ஸ்டோர் முழுக்கப் புளித்த நாற்றம். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்தால், "சோறு போடுற வாசன லா இது, நல்லா இழுத்துக்க" என்பாள். மெஷின் பக்கம் பாட்டுப் பாடினால் மட்டும் பிடிக்காது. பாடுகிறவன் கையைப் பார்க்கமாட்டான் என்பது அவள் கட்சி.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட பிறகு, கேட்டில் தினமும் சோதனை. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதாம். பஞ்சாலை, கேட்பதற்கு முன்பே வெற்றிலைப் பையை விரித்துவிடுவாள். "பாத்துக்கங்க தம்பி. வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு. காட்டுக்காரனுக்குப் பசிச்சா இதத் தின்னுட்டுப் போகட்டும்." காவல்காரனுக்கே சிரிப்பு வந்துவிடும்.

இவ்வளவு வாய் உள்ளவள் ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அவள் கணவன் தோட்டத்துத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்றவன். அந்தக் காட்டு ஆட்களை ஒடுக்க வெள்ளைக்காரச் சர்க்கார் அவசரகாலச் சட்டம் போட்ட வருஷமே பிடித்துக்கொண்டு போய், பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து லயத்தில் யாராவது நியாயம் பேசினால் வேலையை மேய்க்கும் மண்டோர் நல்லசாமி ஒரே கேள்விதான் கேட்பார்: "ஒனக்கும் கப்பலுக்குச் சீட்டு வேணுமா?" பஞ்சாலை பிறந்தது இந்த லயத்தில். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்திருப்பதும் இதே நாட்டில், லுக்குட் ஊரில். கப்பல் என்றால் மகளையும் பேரப் பிள்ளைகளையும் இனிக் கண்ணால் பார்க்க முடியாது என்று அர்த்தம். வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள் என்று அவளைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது.

போன மாதம் மாயாண்டியின் கை உருளைக்குள் போனது. இரண்டு விரல் போய்விட்டது. மெஷினுக்கு முன்னால் கையைத் தடுக்க ஓர் இரும்புத் தடுப்பு இருந்திருக்க வேண்டும். தகடு மெதுவாகப் போகிறதென்று அதை எப்போதோ கழற்றிவிட்டார் நல்லசாமி. கழற்றியதை ஸ்டோரில் எல்லாரும் பார்த்தார்கள். வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு என்று இப்போது சட்டம் வந்திருக்கிறது. ஆனால் தடுப்பைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தால் ஒன்றும் கிடையாது என்றும் அதே சட்டம் சொல்கிறதாம். அன்று சாயங்காலமே லயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது: "மாயாண்டிதான் கழட்டிட்டான்." கிளப்பியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இரத்தம் பட்ட மெஷினை மஞ்சள் நீர் விட்டுக் கழுவி, அம்மனுக்குப் பலி கொடுத்துப் பூசை போடாமல் யாரும் அதில் கை வைக்கமாட்டார்கள். ஆயுத பூசைக்கு இந்த வருஷம் எலுமிச்சம் பழத்தோடு நிறுத்திக்கொண்டதால்தான் மெஷின் ஆளைக் கேட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வழக்கமாக ஒரு சேவலுக்கே மூக்கால் அழுகிற ஆபீசு, இந்தத் தடவை ஆட்டையே அனுப்பியது. ஆட்டோடு கூடவே, பச்சை வர்ணம் அடித்த தடுப்பு ஒன்றும் வந்து சுவரில் சாய்ந்து நின்றது. விபத்தை விசாரிக்கச் சர்க்கார் மெஷின் இன்ஸ்பெக்டர் அடுத்த நாள் வருவதாக ஏற்பாடு. பூசை முடிந்ததும் கழுவிய மெஷினில் அதை மாட்டிவிட்டால், எப்போதும் அங்கேயே இருந்தது போல ஆகிவிடும்.

பூசையன்று பூசாரி மஞ்சள் நீர்ச் செம்பைத் தூக்கினார். பஞ்சாலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, உருளை மேல் உள்ளங்கை முழுவதையும் வைத்தாள்.

"மண்டோரே, கோவிச்சுக்காதீங்க. நான் தூரம்."

பூசாரி செம்பைக் கீழே வைத்துவிட்டார். தீட்டுப்பட்ட இடத்தில் மூன்று நாளைக்குப் பூசை கிடையாது.

நல்லசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வயசுலயா?"

"அதெல்லாம் ஆம்பளைங்க கேக்கப்படாது."

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, நெசமா?"

ஒரே குழாயில் குளிக்கிறவர்கள், ஒரே கல்லில் துணி துவைக்கிறவர்கள். பஞ்சாலைக்கு அது நின்று எத்தனையோ காலமாயிற்று என்று அவர்களுக்குத் தெரியாதா? எல்லாரும் மாயாண்டியின் மனைவி தாயம்மாவைப் பார்த்தார்கள். பூசை வேண்டும் என்று அழுதவள் அவள்தான். கழுவாமல் விட்டால் ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனிதனுக்கு இன்னும் ஏதாவது ஆகிவிடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். தாயம்மா சுவரோரத்துப் பச்சைத் தடுப்பைப் பார்த்தாள். பஞ்சாலையைப் பார்த்தாள்.

"தூரம்னா தூரந்தான் மண்டோரே. ஆட்டுக்குத் தழை போடுங்க."

நல்லசாமி ஆளை ஏமாற்றுவார். அம்மனை ஏமாற்றத் துணியமாட்டார். தடுப்பை மாட்டுவதற்குக்கூட அந்த மெஷினைத் தொடவில்லை. "தவள தன் வாயாலதான் கெடும், பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பஞ்சாலை ஸ்டோருக்கு வெளியே ரம்புத்தான் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் சோற்றுத் தட்டை முறைப்படி எட்ட வைத்துவிட்டு விலகினார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. பொய்யை இவ்வளவு சிரத்தையாக வேறு எங்கும் காப்பாற்றமாட்டார்கள்.

மறுநாள் துப்பாக்கிக் காவலோடு இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக்காரர். தடுப்பு மாட்டும் போல்ட் ஓட்டைக்குள் பேனாக்கத்தியை விட்டுக் குடைந்தார். கறுத்துக் காய்ந்த ரப்பர் கட்டிகட்டியாக வந்தது. ஒரு நாளில் அப்படி அடையாது; தடுப்பு கழன்று வெகு நாளாகியிருக்க வேண்டும். தடுப்பைக் கழற்றியது யார் என்று கேட்டார். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி இராஜமாணிக்கம் அதைத் தமிழில் சொன்னார். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்களும் பார்த்தார்கள். கப்பலை நினைத்தால் யாருக்குத்தான் நாக்கு எழும்பும்?

மரத்தடியிலிருந்து பஞ்சாலை எழுந்து உள்ளே வந்தாள்.

"தூரமானவ உள்ள வராத" என்றார் நல்லசாமி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "இவருதான் கழட்டுனாரு. ஆயுத பூசைக்கு ரொம்ப முந்தியே. ஷீட்டு மெதுவாப் போகுதுன்னு. நான் பக்கத்துல நின்னேன்."

இன்ஸ்பெக்டர் அவள் பெயரைக் கேட்டார். சொன்னாள். கணவன் பெயரையும் கேட்டார்.

இராஜமாணிக்கம் கெட்டவரில்லை. அந்தப் பெயர் போலீசுக்கு எவ்வளவு பழக்கம் என்று அவருக்குத் தெரியும். குனிந்து, மெல்லிய குரலில், "செத்துட்டாருன்னு சொல்லிடு. நானும் அப்படியே சொல்லிடறேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து பஞ்சாலை கணவனைப் பெயர் சொன்னதில்லை. "எங்க ஊட்டுக்காரரு" என்பதோடு சரி. கழுத்துக்குள் கையை விட்டுத் தாலிக்கயிற்றை வெளியே எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, வாசலுக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "ராமகிருஷ்ணன்" என்றாள்.