ஆடியில் சேரும் நட்சத்திரங்கள்

சித்திரையில் என் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் ஜப்பான்காரி, செண்டாய் ஊர். ஆடி பிறந்ததும் புதுப்பெண் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும், அந்த மாதம் முடியும்வரை புருஷன் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இவள் தாய்வீடோ கடல் தாண்டி இருக்கிறது. "நான் ஒருத்தி அம்மா மாதிரி இல்லியா? இங்க அனுப்பு" என்றாள் நெல்லித்தோப்பில் இருக்கும் என் அக்கா. அனுப்பிவிட்டேன். மகன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டாஞ்சாவடிக்கு வேலைக்குப் போய் வந்தான்.

ஆடி பாதி தாண்டிய ஒரு காலையில் மருமகள் போன் செய்தாள். "அத்தை, பச்சை மூங்கில் வேணும். எங்க ஊர் நட்சத்திரத் திருவிழா." அது போன மாதமே முடிந்துவிட்டதாகப் போனில் பார்த்தேனே என்றேன். சிரித்தாள். பல ஊர்களில் ஜூலையிலாம். செண்டாயில் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்டில். வடக்கே ஒரு பக்கம் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மெழுகுவத்தி கேட்பார்களாம். அட, நம்மைப் போலத்தான், ஊருக்கு ஒரு சட்டம்! எனக்கு அந்த ஜனங்களைப் பிடித்துப்போயிற்று.

பெரிய மார்க்கெட் பக்கம் அலைந்து, இலையோடு ஒரு மூங்கில் கிளை பிடித்து ஆட்டோவில் கொண்டுபோனேன். மருமகள் கலர் காகிதங்களில் ஆசைகளை எழுதி அதில் கட்டினாள். அன்றைக்கு மெல்லிய நூடுல்ஸ் சாப்பிடுவார்களாம். அக்கா அதற்குப் பதில் இடியாப்பம் பிழிந்தாள். பிழிந்துகொண்டே கதை கேட்டாள். வானத்தில் நெசவுக்காரப் பெண், மாட்டுக்காரன் என்று இரண்டு நட்சத்திரங்கள், புருஷன் பெண்டாட்டி. கல்யாணமானதும் வேலையை மறந்துவிட்டார்கள் என்று பெண்ணின் அப்பா இருவரையும் வானத்து ஆற்றுக்கு இரண்டு கரையில் பிரித்து வைத்துவிட்டார். வருஷத்தில் ஒரே ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

"எந்த நாளு?" என்றாள் அக்கா.

"இன்னிக்கு" என்றாள் மருமகள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. மகனுக்குப் போன் போட்டு, "வேலை முடிஞ்சதும் பெரியம்மா வீட்டுக்கு வாடா" என்றேன்.

"ஆடியில கூப்புடுறியே, புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்று அக்கா கத்தினாள்.

"அந்த அப்பனாவது ஒரு நாளு உட்டான்க்கா. நாம அதுகூட உடல."

அக்கா மிச்ச மாவைப் பிழியத் திரும்பிவிட்டாள். சாயங்காலம் மகன் வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது.

"எம் மொத ஆடியில ஒங்க பெரியப்பாவும் இப்படித்தான் வந்து நின்னாரு" என்றாள். "ஒங்க தாத்தா தொரத்திட்டாரு. சைக்கிளத் தள்ளிக்கினே திரும்பிப் போனாரு. நான் ஜன்னல் வழியா பாத்துக்கினே இருந்தேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வாசல்ல நிக்காத. உள்ள வாடா."