கித்தேரியாவின் கிழடுகொல்லி

கித்தேரியா செரஃபிமோடு ஓடிப்போனாளாம்! நன்றாக இருக்கிறது கதை. எழுபத்திரண்டு வயது செரஃபிமுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. பட்டறையிலிருந்து காபிக்கடைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கிற மனிதன், ஆகஸ்ட் வெயிலில் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு மலையைத் தாண்டி ஓடினானா? அன்றைக்கு அவன் ஊரிலேயே இல்லை. கண்புரை ஆபரேஷனுக்காக மகள் வீட்டில் கிடந்தான்.

இதைச் சொன்னால் பக்கத்து வீட்டுக் காசிமிரா விடமாட்டாள். "அப்ப மருமககூட சண்டை போட்டுட்டுத்தான் போயிருப்பா. இல்லேன்னா எதுக்குப் பின்வாசல் வழியா போகணும்?" என்கிறாள். எதற்கா? முன்வாசலைக் கித்தேரியாவின் மகனுடைய கார் அடைத்துக்கொண்டு நின்றது, அதற்கு. காசிமிராவுக்கு இது தெரியாதா என்ன? அந்தக் கார் முட்டிக்கொண்டு நின்றதே அவள் வீட்டுப் படிக்கல்லில்தானே!

கித்தேரியா இந்தத் தெருவில் பிறந்து, இந்தத் தெருவிலேயே ஏபலுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஏபல் கல்குவாரியில் தூசி தின்று சீக்கிரம் போய்விட்டான். ஒரே மகன் வால்டெமார் இருபது வயதில் பிரான்சுக்குப் போனான். இவள் ஆடு வளர்த்தாள், பாலாடைக்கட்டி செய்தாள், அதை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு ரிபெய்ரா சந்தைக்குப் போய் விற்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. மொபெட் ஓட்ட நகராட்சியில் ஓர் உரிம அட்டை வாங்க வேண்டியிருந்தபோது, அங்கிருந்த குமாஸ்தா வாயாலேயே நாலு கேள்வி கேட்டு, கைரேகை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத சான்றிதழ் அது. ஜெபமாலையோடு சேர்த்து ஒரே டப்பாவில் வைத்திருந்தாள்.

வீட்டில் அவளோடு இருந்தது அக்கா பால்மிரா. கல்யாணம் ஆகாதவள். தங்கைக்குச் சோறு ஊட்டி வளர்த்ததே அவள்தான். எழுபது தாண்டியதும் அவளுக்கு நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றது. அடுப்பில் கேஸைத் திறந்துவிட்டு மறப்பாள். மழையில் வெறுங்காலோடு ஆட்டைத் தேடிப் போவாள், ஆடுகளை விற்று ஆறு வருஷமான பிறகும். கடைசியில் ரிபெய்ராவில் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டிவந்தது. சாலை வழியாகப் பதினாலு கிலோமீட்டர்.

அங்கே போன முதல் வாரம் பால்மிரா வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு தாதிகள் மாறி மாறிப் பார்த்தார்கள். டாக்டர் கித்தேரியாவைக் கூப்பிட்டனுப்பி, "இப்படியே போனா மூக்குல குழாய் போடணும்மா. அதுக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். இந்த வயசுல அங்க போனவங்க திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்ல" என்றார். கித்தேரியா கரண்டியைக் கையில் வாங்கினாள். பால்மிரா வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கரண்டிக்குப் பின்னால் கித்தேரியா இருந்தாக வேண்டும்.

எப்படிப் போவது? பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விலகியதிலிருந்து மொபெட்டில் ஏற முடியாது. பஸ், பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் மட்டும் வரும். முழுக் கார் ஓட்டுவதற்குப் பரீட்சை எழுத வேண்டும். அப்போதுதான் செரஃபிம் தன் பட்டறையின் மூலையிலிருந்து ஒரு குட்டிக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தான். இரண்டே சீட்டு. பிளாஸ்டிக் உடம்பு. முடுக்கினால் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகம், மேட்டில் அதுவும் இல்லை. மொபெட் அட்டையே அதற்குப் போதும்.

"இதுக்குப் பேரு என்னன்னு தெரியும்ல?" என்றான் செரஃபிம்.

"ஊருக்கே தெரியும். கிழடுகொல்லி."

"பயமா இருக்கா?"

"இதை முன்னாடி வச்சிருந்தவர் எப்படிச் செத்தாரு?"

"கட்டில்ல. தூக்கத்துல."

"அப்ப கட்டிலுக்குல்ல அந்தப் பேரு வைக்கணும். சாவியக் குடு."

பேர் வைத்து விளையாடினாலும் நம் பக்கத்தில் அந்த வண்டி இல்லாத தெரு கிடையாது. ஏன் இருக்காது? தெருக்களை மாட்டுவண்டிக்கு அளந்து கட்டினார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, தேவாலயம், கல்லறை எல்லாம் வேறு வேறு குன்றில். ஆளில்லாத வீட்டுக் கிழவனுக்கும் கிழவிக்கும் அந்த வண்டிதான் மகனும் மகளும்.

இரண்டு மாதம் கழிந்து ஒரு நாள் தாதி ஒருத்தி கித்தேரியாவை வாசலில் நிறுத்தினாள். "உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா, அத்தை? அவங்க உங்களப் பார்த்து வாயத் திறக்கல. கீழ உங்க வண்டி வர்ற சத்தம் கேக்கும்ல, டர்ருன்னு, அப்பவே நிமிர்ந்து உக்காந்து வாயத் திறந்துக்கிறாங்க. நீங்க படியேறி வர்ற வரைக்கும் மூடுறதே இல்ல."

கித்தேரியாவுக்குச் சுருக்கென்றது. கூடப் பிறந்த முகத்தை மறந்துவிட்டு ஒரு டப்பா வண்டியை நினைவில் வைத்துக்கொண்டாளே! வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்தாள். அப்புறம், எதுவாக இருந்தால் என்ன, வாயைத் திறந்தால் சரி என்று விட்டுவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் வண்டியைக் கிளப்பிப் பார்ப்பாள். சத்தம் கொஞ்சம் மாறினாலும் செரஃபிமிடம் ஓடுவாள். "டர்ருன்னு வரணும், இன்னைக்குக் கர்ருன்னு வருது" என்பாள். செரஃபிம் ஒன்றுமே செய்யாமல் மூடியைத் திறந்து மூடி, "இப்பக் கேளு" என்பான். அதற்குத்தான் அவள் அடிக்கடி பட்டறைக்குப் போனது. ஊருக்கு அது வேறு மாதிரி தெரிந்தால் அது ஊர்க் கண்ணின் கோளாறு.

ஜனவரியில் இரண்டு நாள் பனி கொட்டிப் பாதை மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் அவள் போனபோது பால்மிராவின் வாய் பூட்டிக்கிடந்தது. சத்தம் கேட்டும் திறக்கவில்லை. மேலும் இரண்டு நாள் பிடித்தது. குழாயைத் தட்டில் எடுத்து வைத்தே விட்டார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் சூப்பில் நனைத்த சோளரொட்டி ஒரு துண்டு உள்ளே போயிற்று. இன்னொரு முறை இப்படி நடந்தால் காத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன். திருவிழாவுக்கு வால்டெமாரும் மனைவி சில்வியும் பிரான்சிலிருந்து வந்தார்கள். வழக்கமாகச் சதுக்கத்தில்தான் வண்டியை விடுவான். இந்த வருஷம் சதுக்கத்தில் பாட்டுக் கச்சேரிக்கு மேடை போட்டிருந்தார்கள். வண்டியும் இந்த வருஷம் புதியது, கறுப்பு, உயரம், மாட்டுக்கொட்டகை அளவு. கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, ஆட்கள் முன்னும் பின்னும் கத்த, அங்குலம் அங்குலமாகத் தெருவுக்குள் நுழைத்துவிட்டான். அம்மா வீட்டு வாசலில் நின்றது. அதற்கு மேலே, தெரு முட்டி முடிகிற இடத்தில், கொட்டகையில் சின்ன வண்டி; அது வெளியே வர வேறு வழி கிடையாது.

இரவு உப்புமீனும் உருளைக்கிழங்கும் சாப்பிடும்போது அவன் ஆரம்பித்தான்.

"அம்மா, அந்தப் பொம்மை வண்டிய வித்துடு."

"ஏன்டா?"

"எங்க ஊர்ல அத யாரு ஓட்டுவான்னு தெரியுமா? குடிச்சிட்டு ஓட்டி லைசென்ஸ் பறிபோனவன். அதுல ஒருத்தன் போனா, 'அதோ போறான் பாரு'ன்னு சிரிப்பாங்க. போன வருஷம் உன் போட்டோவ என் மாமனாருக்குக் காட்டுனேன். 'உங்கம்மா அவ்வளவு குடிப்பாங்களா?'ன்னு கேக்குறாரு."

கித்தேரியா சிரித்துவிட்டாள். "ஆமான்னு சொல்ல வேண்டியதுதானே!"

"இத்தாலியில பணக்கார வீட்டுப் பசங்க இதுலதான் ஸ்கூலுக்குப் போறாங்களாம், மாமி" என்றாள் சில்வி. "என் சித்தி பொண்ணு ரோம்ல இருக்கா. அங்க இது பயங்கர ஃபேஷனாம்."

"பாத்தியா? ஓர் ஊர்ல குடிகாரி, இன்னோர் ஊர்ல பணக்காரி. நான் என் ஊர்ல இருந்துட்டுப் போறேன், விடு."

"விளையாட்டு இல்லம்மா. லாரி உரசுனாப் போச்சு. பேரே கிழடுகொல்லி! உனக்கு ஏதாவது ஆனா எனக்கு யாரு இருக்கா?" என்றான் அவன். குரல் உண்மையாகவே இறங்கியிருந்தது. அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவன் இருக்கும் இடத்தில் சாலை அகலம். கண்ணெட்டும் தூரம் வரை நேராகப் போகும். அங்கே பெரிய வண்டிக்கு நடுவில் சின்ன வண்டி பூச்சிதான்.

"காலையில உன் வண்டிய வெளிய எடுத்துடு. பத்தே முக்காலுக்கு நான் கிளம்பணும்" என்று மட்டும் சொன்னாள்.

காலை எட்டு மணிக்கு அவன் பின்பக்கமாக எடுத்தான். நுழையும்போது மேடேறி வந்த வண்டி, திரும்பும்போது இறக்கத்தில் ஒரு விரல் விலகிவிட்டது. காசிமிராவின் வீட்டுப் படிக்கல் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் பின்கதவு போய் உட்கார்ந்துகொண்டது. முன்னே எடுத்தால் எதிர்ச் சுவர். கதவைத் திறக்க முடியாமல் வால்டெமார் ஜன்னல் வழியாக வெளியே வந்தான். தெரு முழுக்கக் கூடிவிட்டது. இடதுபக்கம் ஒடி என்றார்கள், வலதுபக்கம் ஒடி என்றார்கள், டயரில் காற்றை இறக்கு என்றார்கள், சோப்பு நுரை போடு என்றாள் ஒருத்தி. செரஃபிம் இருந்திருந்தால் எல்லாரையும் திட்டி அனுப்பிவிட்டு ஏதாவது செய்திருப்பான்.

கித்தேரியா வாசலில் நின்றாள். சாதாரணமாக ஆள் பேசும்போது கையைக் கட்டிக்கொள்வாள். அன்று கை எங்கே போவதென்று தெரியாமல் ஏப்ரனைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தது. தேவாலய மணி எட்டரை அடித்தது.

"கீறினா கீறட்டும்டா. இழு" என்றாள்.

"அம்மா, இது கம்பெனிக்குத் திருப்பிக் குடுக்க வேண்டிய வண்டி. ஒரு கோடு விழக் கூடாது."

"அப்ப அந்தக் கல்லை எடுத்துடலாம். காசிமிரா, ஒரு மூலைதான், உளியால தட்டினாப் போதும்."

"நல்லாருக்கே!" என்றாள் காசிமிரா. "எங்க தாத்தா போட்ட கல்லு. ஒங்க பையன் கார் நுழையணும்னா நான் வீட்டைக் கொத்தணுமா?"

டாக்சிக்காரன் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டப் போயிருந்தான். கார் வைத்திருந்த மற்றவர்கள் எல்லாரும் ஊர்வல வேலையில், மூன்று மணிக்கு முன் யாரும் நகர மாட்டார்கள். இழுவை வண்டிக்குச் சில்வி போன் போட்டாள். திருவிழா முடிந்து திங்கள்கிழமைதான் வர முடியும் என்றார்கள். அன்று வியாழன்.

"ஒரு நாள்தானம்மா" என்றான் வால்டெமார், வேர்த்து ஒழுகிக்கொண்டு. "பெரியம்மாவுக்கு அங்க யாராவது ஊட்டுவாங்க. பத்து நிமிஷம் இரு, எப்படியாவது எடுத்துடறேன்."

ஒரு நாளா? திங்கள்கிழமை என்றால் நான்கு நாள். ஜனவரியில் இரண்டு நாளுக்கே குழாய் தட்டில் வந்து உட்கார்ந்தது. கித்தேரியா கல்லைப் பார்த்தாள், கறுப்புப் பெயின்ட்டைப் பார்த்தாள். இரண்டுக்கும் பேச ஆள் இருந்தது. யாரிடமும் மறுபடி கேட்கவில்லை. உள்ளே போனாள்.

ஆட்டுப்பாதையில் போனால் மலைக்குக் குறுக்கே ஒன்பது கிலோமீட்டர். பெண்ணாக இருந்தபோது இரண்டு மணியில் நடந்திருக்கிறாள். இப்போது இந்த இடுப்போடு மூன்று ஆகும். உடனே கிளம்பினால் பன்னிரண்டுக்குப் போய்விடலாம். தினம் இப்படி நடக்க முடியாது. ஆகவே இரண்டு ரவிக்கை, ஒரு போர்வை, மாத்திரை, ஒரு சோளரொட்டி எல்லாவற்றையும் பையில் திணித்தாள். இல்லத்துக்கு எதிரே ஒரு விதவை அறை வாடகைக்கு விடுகிறாள். அவள் இல்லை என்றால் தேவாலயத்துப் பெஞ்சு இருக்கிறது. அடுப்பில் கொதித்த சூப்பை இறக்கி மூடினாள். அதை அப்படியே எரியவிட்டுப் போனாள் என்பதும் பொய்தான்.

பை தயாரான பிறகுதான் அது உறைத்தது. நடந்து போனால் சத்தம் ஏது? கீழே எதுவும் டர்ரென்று வராது. சும்மா படியேறி வந்து நிற்கிற ஒரு கிழவியைப் பால்மிரா யார் என்று எண்ணுவாள்? வாய் பூட்டியே கிடந்தால்? மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு உதட்டைக் குவித்து, மெதுவாக, "ட்ர்ர்" என்றாள். ஆடு தும்மினதுபோல் வந்தது. மறுபடி, நாக்கை மேலே ஒட்டவைத்து, தொண்டையிலிருந்து. கொஞ்சம் கிட்டே வந்தது. வாசலில் வால்டெமார், "அம்மா, தண்ணி!" என்று கூப்பிட்டான். சில்வி கொடுத்துக்கொள்வாள்.

மூன்று மணி நேரம் இருக்கிறது, வழியில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டினாள். மூன்றாம் முறை அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே பின்கதவைத் தள்ளி, கோசுப் பாத்திக்கு நடுவே, மலையைப் பார்த்து இறங்கினாள்.