ஊருக்கே கேட்ட படக்கதை

போன வருடம், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மாறுதலாகி, மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியராகப் போயிருந்தேன். எனக்குப் பிறவியிலேயே பெரிய குரல். அது இனிமையான குரல் என்ற நினைப்பு வேறு.

வகுப்பில் ஆட்டிசம் உள்ள பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். அதிகம் பேச மாட்டாள், சத்தம் கேட்டால் மிரண்டுபோவாள். முதல் நாளே அவள் அம்மா என்னிடம் சொல்லிவிட்டார். "பழைய பள்ளிக்கூடத்துல மிரண்டுபோயி ரோட்டுக்கு ஓடிட்டா சார். இங்கயும் அப்படின்னா வீட்டோட வச்சுக்கிருவேன்."

விடுவேனா? அவளைப் பற்றி மற்ற பிள்ளைகளுக்குப் புரியவைப்பது என் பொறுப்பு என்று முடிவு செய்தேன். சத்தத்துக்குப் பயப்படும் ஒரு குழந்தையைப் பற்றிய படக்கதைப் புத்தகம் வாங்கி, மூன்று நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். எங்களுக்குள் என்ன சண்டை என்று பக்கத்து வீட்டில் விசாரித்ததாக மனைவி சொன்னாள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

வகுப்பில் வாசிக்கத் தொடங்கினேன். கதையில் திருவிழா வந்தது. வாயாலேயே தவில் அடித்தேன். போதாதென்று மர ஸ்கேலால் மேசையிலும் அடித்தேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சார், மெதுவா" என்றாள். உட்காரச் சொன்னேன். இன்னொருவன் எழுந்தான். அவனையும் உட்காரவைத்தேன். அடுத்து ஒருத்தி. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நல்ல விஷயம் சொல்லிக்கொடுக்க வந்தால் ஒரு பக்கம் வாசிக்க விடுகிறார்களா! "இவளுக்குச் சத்தம் என்றால் பயம்" என்ற வரியை, கடைசி பெஞ்சுக்கும் உறைக்கட்டும் என்று முழுத் தொண்டையில் கத்தினேன்.

மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அவள் இடம் காலியாக இருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. வெளியே பஸ் போகிற சாலை. கேட்டைப் பார்த்து ஓடினேன். அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளை பின்னாலேயே வந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்கிட்டுப் போகாதீங்க சார். பயந்தா அவ அரிசி ரூம்லதான் இருப்பா. செருப்புச் சத்தம் கேக்கும், கழட்டிட்டு வாங்க."

சத்துணவு அரிசி மூட்டைகளுக்கு நடுவில், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோழி என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். பேசவே இல்லை. ஒவ்வொரு படமாகக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்தவள் நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்தாள். தவில் படம் வந்ததும் தோழி அந்தப் பக்கத்தைக் காட்டாமலே புரட்டிவிட்டாள். நான் வெறுங்காலோடு வெயிலில் நின்றிருந்தேன்.

சாயங்காலம், முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை முடித்து அம்மா வந்தார். மறைக்க மனம் வரவில்லை, முழுதும் சொன்னேன். என் குரல் அன்றுதான் முதல்முறையாக எழும்பவில்லை. அவர் மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கும் கதை வாசிப்பீங்களா சார்?"

"இல்லங்க. பிள்ளைகளையே வாசிக்கச் சொல்றேன்."

"அப்ப அனுப்புறேன்."

அவளைப் புரிந்துகொள்ள அந்த வகுப்புக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. தேவைப்பட்ட ஒரே ஆளான நான்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன் என்பதால், எதைச் சொல்லிக்கொடுக்கப் போனாலும் இது பிள்ளைகளுக்கா எனக்கா என்று இன்றும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.