நேர்த்தியும் மின்சிகரெட்டும்

இலங்கையில் சண்டையின் கடைசி மாதங்களில், வன்னியில் இருந்த என் கணவருடைய தம்பியோடு இருந்த தொடர்பு அறுந்துபோனது. டென்மார்க்கில், எங்கள் சில்க்போர்க் வீட்டுப் பல்கனியில் இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு சிகரெட் அணைய முதல் அடுத்தது. முப்பது வருடமாகப் பிடிக்கிற மனிதர்தான், ஆனால் அப்படிப் பிடித்து நான் கண்டதில்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மூச்சுக்கு ஏங்கும் நெஞ்சுகளை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் இதையும் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாதத்தில் ஒருமுறை டெனிஷ்காரரின் கத்தோலிக்கக் கோயிலில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. அன்றைக்குப் பூசை முடிந்து எல்லாரும் தேத்தண்ணிக்குப் போன பிறகு, மடுமாதா படத்துக்கு முன்னால் இவர் முழங்காலில் நின்றார்.

"தாயே, தம்பி உயிரோடை இருந்தால் நான் சிகரெட்டை விடுறன்."

பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. உண்மையைச் சொன்னால், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஒரு கணம் என் மனது நினைத்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சண்டை முடிந்து சில கிழமைகளில், ஆமி அடைத்து வைத்த முகாமில் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று மன்னாரிலிருந்து ஒரு ஃபாதர் செய்தி அனுப்பினார். இவர் விம்மி விம்மி அழுதார். பெட்டியில் மிச்சமிருந்த சிகரெட்டை எல்லாம் குசினித் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். நாலாம் நாள் அவருடைய சட்டையில் புகை மணந்தது. நிக்கொட்டின் பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தார், சுவிங்கம் சப்பிப் பார்த்தார். விடுவதும் பிடிப்பதுமாகவே மாதங்கள் போயின. தம்பியை முகாமிலிருந்து விடவே இல்லை.

"என்ர பொய்க்குத்தான் மாதா அவனை முள்ளுக்கம்பிக்குள்ளை மறிச்சு வைச்சிருக்கிறா," என்றார்.

அப்போதுதான் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த டெனிஷ்காரர் ஒருவர் மின்சிகரெட் ஒன்றைக் கொடுத்தார். பேனை மாதிரி இருந்தது. இழுத்தால் நுனியில் சிவப்பு வெளிச்சம், வாயால் ஆவி. அன்றோடு மற்றச் சிகரெட் நின்றது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"மாதாவையே பேய்க்காட்டுறியளோ?"

மாதாவை ஏமாற்றுகிறோமோ என்று அவருக்கும் அதே பயம்தான். நான் அதைப் பிடுங்கி அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்தேன். அடுத்த நாளே பழைய பெட்டி, பழைய இருமல். இருமல் கூடிப்போய் டாக்டரிடம் போனோம். "முழுக்க விடுவதுதான் நல்லது," என்றார் டாக்டர். "இந்த மின்சிகரெட்டைப் பற்றி இன்னும் சரியாக ஒருவருக்கும் தெரியாது. ஆனால் விடவே முடியவில்லை என்றால், புகையை விட இது குறைந்த கேடாக இருக்கலாம்." வீட்டுக்கு வந்து அரிசிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். முழு மனதோடு கொடுக்கவில்லை. பூசைக்குப் போகும் நாட்களில் அவர் அதைக் காரிலேயே வைத்துவிட்டு வருவார்.

முகாமிலிருந்து தம்பியை விட்டபோது இங்கே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மன்னாரிலிருந்து போன் எடுத்தான். சுகம் விசாரிக்க முதலே இவர் உடைந்துபோனார்.

"தம்பி, உனக்காக நேத்தி வைச்சனான், சிகரெட்டை விடுறனெண்டு. ஒழுங்காய்க் காக்கேல்லை. இப்பவும் ஒரு மெசினை வைச்சு இழுத்துக்கொண்டிருக்கிறன்."

ஸ்பீக்கரில் தம்பியின் குரல் எனக்கும் கேட்டது.

"நானும் வைச்சனான் அண்ணை," என்றான். "பங்கருக்குள்ளை. உயிரோடை வெளியிலை போனால் பீடியைத் தொடமாட்டனெண்டு. முகாமுக்கு வந்த அண்டைக்கே ஒருத்தரிட்டைக் கெஞ்சி வாங்கிப் பத்தினன். அதுக்குத்தான் என்னை விடுறாங்களில்லையெண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியாது.

"அண்ணை, அந்த மெசின் இருமலுக்குப் பரவாயில்லையோ?"

இவர் என்னைப் பார்த்தார். பயந்துகொண்டுதான் பார்த்தார்.

நான் போனை வாங்கினேன்.

"ஓம் தம்பி, உங்கடை அண்ணைக்கு இருமல் குறைஞ்சிட்டுது," என்றேன். "உங்களுக்கும் ஒண்டு அனுப்புறன்."