அப்பாவின் உள்ளங்கைச் சீனி

அப்பாவின் கால் கட்டைவிரலில் ஒரு புண். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து வந்தது, இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸம்மா ரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை என்று மாத்திரை கொடுத்தார். கூடவே எங்கள் நெல்லியாளம் லைன் வீடுகளில் யாரும் கேள்விப்படாத ஒரு யோசனையும் சொன்னார்.

"பாலைத் திரிச்சு, தெளிஞ்ச தண்ணிய வடிகட்டிச் சோத்துக்கு முன்னால ஒரு டம்ளர் குடிங்க. அதுல இருக்கற புரதம், சக்கரை சட்டுனு ஏறாம கொஞ்சம் பாத்துக்கும்ங்கறாங்க. மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க. புண்ணு ஆறலீன்னா வெரலை எடுக்க வேண்டி வருமுங்க."

அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விடுவதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்குப் பத்து வயது. கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து, துணியில் வடிகட்டி, தண்ணீரை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுத் திரிந்த பாலை நான் தின்றுவிடுவேன். அந்த வைத்தியத்தில் உடம்பு தேறியவள் நான் ஒருத்திதான்.

அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். சோறு உண்டதும் தேத்தண்ணி கேட்பார். சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அங்கத்திய வழக்கப்படி சீனியைத் தேத்தண்ணியில் கலக்கமாட்டார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. முன்பெல்லாம் ஒரு கரண்டி போதும். இப்போது மூன்று ஆனது.

"பால் தண்ணி உள்ளுக்குப் போயிருச்சு தானே, அது பாத்துக்கிடும். இன்னுங் கொஞ்சம் போடு மகள்."

நானும் தாராளமாகக் கொட்டினேன்.

அடுத்த மாதச் சோதனையில் அளவு இன்னும் ஏறியிருந்தது. நர்ஸம்மாவுக்கு விளங்கவில்லை.

"ஏனுங்க, டீக்குச் சக்கரை போடறீங்களா?"

"இல்லைங்க. தேத்தண்ணிக்குள்ள ஒரு துளி சீனி போடுறதில்ல."

அதில் பொய்யென்று ஒரு சொல்கூட இல்லை. சொல்லும்போது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கையை இறுகப் பிடித்து அழுத்தினார். நர்ஸம்மா மாத்திரையைக் கூட்டினார். வீட்டில் அம்மா பாலைத் திட்டினாள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த விரலை எடுத்துவிட்டார்கள்.

விரல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அப்பா என் கையைப் பிடிக்கிறார் என்று அன்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பெரிய மனுஷி மாதிரி நானும் திருப்பி அழுத்தினேன். வாயைத் திறக்காதே என்று அவர் கேட்டதும், சரி என்று நான் ஒப்புக்கொண்டதும் அப்போதுதான் என்பது எனக்குத் தெரியவில்லை.